முன் ரூமுக்கு கிரே

வில்லாபுரத்தில் நாங்கள் கட்டிய வீட்டுக்கு உள்ளே என்ன கலர் அடிக்கலாம் என்று என்னிடம் ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, எல்லோருக்கும்தான் பதில் தெரியுமே. ரோஸ். செக்கானூரணிப் பக்கம் நான் பிறந்த வீடு ரோஸ், பெரியப்பா வீடு ரோஸ், அண்ணன் கட்டிய மாடி வீடும் ரோஸ். எங்கள் வகையறாவுக்கு ரோஸ்தான் ராசி என்று எந்த ஜோசியன் எந்தக் காலத்தில் சொல்லித் தொலைத்தானோ, அவன் மட்டும் என் கையில் கிடைத்தால் தெரியும் சேதி.

என் பெயர் தாமரைச்செல்வி. ஆரி வேலை செய்கிறவள். கல்யாணப் பட்டுக்குப் பொருத்தமாகத் துணி எடுத்து, அதைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் பட்டு நூலும் ஜரிகையும் மணியும் வைத்துப் பூவேலை செய்து ரவிக்கையாகத் தைத்துக் கொடுப்பேன். பதினாறு வருசமாக இதுதான் பிழைப்பு. என் வீட்டுக்காரர் அருள்பாண்டிக்கு அவனியாபுரத்தில் லேத் பட்டறையில் வேலை. இரண்டு பேர் சம்பாத்தியத்தில் வீடு எழும்பியது என்று வெளியில் சொல்லிக்கொள்வோம். யார் சம்பாத்தியத்தில் அதிகம் எழும்பியது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அந்த வீட்டில் தெருவைப் பார்த்த முன் ரூம் என் வேலைக்கு என்று அஸ்திவாரம் தோண்டும்போதே சொல்லிவிட்டேன். அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. சண்டை சுவருக்குத்தான் வந்தது.

போன ஆவணியில் ஸ்யாமளா டீச்சர் மகள் சாருலதாவுக்குக் கல்யாணம். சந்தனக் கலர் பட்டு. அப்போது நாங்கள் வாடகைக்கு இருந்த வீடும் ரோஸ்தான், விதி விடுமா? அந்த ரூமில் உட்கார்ந்து, சேலையை மடியில் போட்டு, நாலு துணியை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, இதுதான் பொருத்தம் என்று ஒன்றை எடுத்தேன். இருபது நாள் வேலை. கை முழுக்கக் கொடி, கழுத்தில் அன்னம். கல்யாணத்தன்று மண்டபத்து வாசல் வெளிச்சத்தில் அந்தப் பெண் வந்து நின்றாள். சேலை சந்தனம். ரவிக்கை மட்டும் உரித்த வெங்காயத் தோல் போல ஒரு வெளுத்த ரோஸ். 

ஸ்யாமளா டீச்சர் திட்டியிருந்தால் பரவாயில்லை. "இனிமே உங்களை நம்பி எப்படிம்மா குடுக்கறது?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். அந்தப் பெண் கடையில் வாங்கிய வேறு ஒரு ரவிக்கையைப் போட்டுக்கொண்டு மணவறையில் உட்கார்ந்தாள். நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மிச்சத் துணியையும், அந்தச் சேலை முந்தானைக் குஞ்சத்தில் வெட்டி வைத்திருந்த நூலையும் எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனேன். வெயிலில் இரண்டும் வேறு வேறு. திரும்ப ரூமுக்குள் வந்தேன். இரண்டும் ஒன்று! வெளியே, உள்ளே, வெளியே, உள்ளே என்று பத்துத் தடவை நடந்தேன். எதிர்வீட்டுக்காரி எனக்கு என்னவோ பிடித்துவிட்டது என்றே நினைத்திருப்பாள். கண்ணில் கோளாறு இல்லை, கையில் கோளாறு இல்லை. சுவர். அந்த ரோஸ் சுவர் தன் கலரைத் துணி மேல் கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. பதினாறு வருசமாக அந்தச் சனியன் என் கண்ணில் மண்ணைத் தூவியிருக்கிறது. அன்றைக்கே முடிவு செய்தேன். என் சொந்த வீட்டில் நான் வேலை செய்கிற ரூமில், துணிக்கு எந்தக் கலரையும் கடன் கொடுக்காத ஒரு நிறம்தான் இருக்கும். அது சாம்பல்.

இதைச் சொன்னதும் வீடு இரண்டுபட்டது. அண்ணன் பெண்டாட்டி முத்துத்தாய் மதினி போனிலேயே அலறியது.

"ஏத்தா, சாம்பலை எவளாச்சும் சுவத்துல அப்புவாளா? அது வீடா, சுடுகாடா?"

"வீடுதான் மதினி. என் வீடு."

"உங்கண்ணன் காதுல விழுந்துச்சுன்னா என்ன ஆகும் தெரியுமா? பெயிண்ட்டும் என் சீருதான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதுல்ல அது."

அதுதான் சிக்கலே. எங்கள் பக்கத்தில் புது வீட்டில் பால் காய்ப்பு என்றால் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுச் சீர் வந்தாக வேண்டும். அண்டா, குத்துவிளக்கு, பட்டு, பழத் தாம்பாளம் எல்லாம் மேளத்தோடு தெருமுனையிலிருந்து வரும். அதை வேண்டாம் என்று சொன்னால் பிறந்த வீட்டையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி. என் அண்ணன் முத்திருளன் அண்டாவோடு நிற்கிற ஆள் இல்லை. பெயிண்ட்டையும் சீரில் சேர்த்து, ரோஸில் வாளி வாளியாக வாங்கி டெம்போவில் அனுப்பிவிட்டார்.

அண்ணனைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அப்பா போனபோது எனக்குப் பதினான்கு வயது. உசிலம்பட்டியில் தையல் வகுப்புக்குப் போகிறேன் என்றதும், பொட்டப்பிள்ளைக்கு அம்புட்டுத் தூரம் என்ன வகுப்பு என்று பெரியப்பா குதித்தார். அண்ணன் வண்டியை எடுத்து, "ஏறு" என்றார். இரண்டு வருசம், தினமும், மழையோ வெயிலோ. தோட்டத்து வேலையைப் போட்டுவிட்டு வந்து வகுப்பு வாசலில் நிற்பார். அவர் மேல் எனக்கு உயிர். அதனால்தான் மூன்று ரூமுக்கும் சமையல்கட்டுக்கும் அவர் அனுப்பிய ரோஸையே அடிக்கச் சொன்னேன். முன் ரூம் ஒன்று மட்டும் எனக்கு. நியாயம்தானே?

காளவாசலில் ஒரு பெயிண்ட் கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த தமிழ்மாறன் என்கிற தம்பி அட்டையை விசிறி மாதிரி விரித்தார்.

"கிரேயா மேடம்? இப்ப அதான் ட்ரெண்டு. இதுல இருபத்தெட்டு ஷேடு இருக்கு."

"இருபத்தெட்டுல எது கிரே?"

"எல்லாமே கிரேதான் மேடம்."

எல்லாமே கிரேயாம்! நான் பையிலிருந்து ஒரு துண்டு அட்டையை எடுத்தேன். அதில் கறுப்பு நூலும் வெள்ளை நூலும் இழைக்கு இழை மாற்றி நெருக்கமாகச் சுற்றி வைத்திருந்தேன். கைநீட்டுத் தூரத்தில் பார்த்தால் அது சாம்பலாகத் தெரியும், வேறு எந்தக் கலரும் கலக்காத சாம்பல். அதை ஷேடு அட்டை மேல் வைத்தேன். அவர் காட்டிய முதல் கிரேயில் ஊதா ஒளிந்திருந்தது. இரண்டாவதில் பச்சை. மூன்றாவது பார்க்க நல்ல பிள்ளையாக இருந்தது, நூலுக்குப் பக்கத்தில் வைத்ததும் பழுப்பு எட்டிப் பார்த்தது. கடை வெளிச்சத்தை நம்பாமல் அட்டையோடு ரோட்டுக்கு இறங்கினேன். "மேடம், மேடம், பஸ்ஸு!" என்று தமிழ்மாறன் பின்னாலேயே ஓடிவந்தார். நடைபாதையில் உச்சி வெயிலில் நின்று இருபத்தெட்டையும் பார்த்தேன். நாலு தேறியது.

அந்த நாலிலும் சின்ன டப்பா வாங்கி, முன் ரூமில் நாலு சுவரிலும் முழம் முழமாகப் பூசிவைத்தேன். காலையில் பார்த்தேன், உச்சியில் பார்த்தேன், நாலு மணி வெயில் சன்னல் வழியாக விழும்போது பார்த்தேன், லைட்டைப் போட்டும் பார்த்தேன். காலையில் யோக்கியமாக இருந்த ஒன்று நாலு மணிக்கு நாவல் பழமாக மாறியது. இன்னொன்று லைட்டைப் போட்டதும் பாசி பிடித்த மாதிரி ஆனது. கடைசி வரைக்கும் மாறாமல் நின்றது ஒன்றுதான். அதையே வாளியாக வாங்கினேன்.

பெயிண்டர் மலையாண்டி அண்ணன் இரண்டாவது கையும் அடித்து முடித்து, இரண்டடி பின்னால் தள்ளி நின்று பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"தங்கச்சி, தப்பா எடுத்துக்காத. நான் மூணு நாளு பட்டி பார்த்து, தேச்சு, பிரைமர் அடிச்சு, ரெண்டு கை பெயிண்ட்டும் அடிச்சு, கடைசியில சிமெண்ட்டு பூசுன அன்னைக்கு இருந்த மாதிரியே கொண்டாந்து நிறுத்திருக்கேன்."

"அதேதாண்ணே எனக்கு வேணும்."

"என் பேரை மட்டும் யாருகிட்டயும் சொல்லிராத."

சிரித்துவிட்டேன். அவர் போன பிறகு ஒரு அரக்கு நூல்கண்டை எடுத்துச் சுவர் முன்னால் பிடித்தேன். அரக்கு அரக்காக இருந்தது. மஞ்சளைப் பிடித்தேன். மஞ்சள் மஞ்சளாக இருந்தது. இதற்குப் போய் ஒருத்தி அழுவாளா? அழுதேன்.

பால் காய்ப்பு ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமை நான் மணி வாங்க டவுனுக்குப் போயிருந்தேன். மூன்றரை மணிக்குத் திரும்பி வந்தபோது புது வீட்டு வாசலில் அண்ணன் வண்டி நின்றது. உள்ளே இரண்டு பேர் ரோலரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன் ரூம் நடுவில் நின்றார். மீசையில் பெயிண்ட். நாலு சுவரும் ரோஸ்.

"ஏ தாமரை, வா வா! நல்ல வேளை நான் வந்தேன். பந்தலுக்கு இடம் அளக்கலாம்னு மாப்ளகிட்ட சாவி வாங்கிட்டு வந்து பாத்தா, உன் பெயிண்டரு முன் ரூமை அப்படியே சிமெண்ட்டா விட்டுட்டு ஓடிட்டான். முத்திருளன் தங்கச்சி வீடு பூசுன மேனிக்கு நிக்குதுன்னு நாளைக்கு எவனாச்சும் பேசிறக் கூடாதுல்ல? ரெண்டு ஆளைக் கூட்டியாந்து ஒரே மதியத்துல முடிச்சுட்டேன். எப்படி?"

 கையிலிருந்த மணிப் பையைத் தரையில் வைத்தேன். அவர் முகத்தில் அம்புட்டுச் சந்தோசம். அதைப் பார்க்கப் பார்க்கத்தான் எனக்குக் கொதித்தது.

"அது சிமெண்ட் இல்லண்ணே. பெயிண்ட்டு."

"எது?"

"நீ மேல அடிச்சியே, அது. நான் இருபத்தெட்டுப் பாத்து எடுத்தது."

அண்ணன் சுவர்மூலையில் ரோலர் எட்டாத ஒரு இடத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். நகக்கண்ணில் வந்ததை மூக்கில் வைத்து மோந்தார். "இது பெயிண்ட்டா?" என்று வேலையாட்களைக் கேட்டார். அவர்கள் இரண்டு பேரும் வாளியைத் தூக்கிக்கொண்டு பைய வெளியே நழுவினார்கள்.

"எவனாச்சும் காசு குடுத்து சிமெண்ட்டு மாதிரி பெயிண்ட்டு வாங்குவானா? உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?"

"நான் வாங்குவேன். மதினி உங்கிட்ட சொல்லலையா?"

"சொல்லுச்சு. வெளையாட்டுக்குச் சொல்லுதுன்னு நெனச்சேன்."

ஸ்யாமளா டீச்சர் வீட்டுக் கல்யாணத்தில் நடந்ததை அன்றுவரை அவரிடம் நான் சொன்னதில்லை. அவமானமாக இருந்தது. இப்போது ஒரு மூச்சில் கொட்டினேன். ரவிக்கை, டீச்சர் கேட்டது, நான் தெருவுக்கும் வீட்டுக்கும் நடந்தது, எல்லாம். அண்ணன் கேட்டார். கேட்டுவிட்டு, "சரி, ஒண்ணு செய்வோம்" என்றார்.

"இந்த ஒரு சுவத்தை மட்டும் ரோஸா விட்ரு. வாசல்ல நின்னா தெரியுற சுவரு. மத்த மூணையும் நீ சாம்பலடி, சாணியடி, என்னமும் செய். சீரு வைக்கும்போது பின்னாடி பொறந்த வீட்டுக் கலரு தெரியணும். அம்புட்டுத்தான்."

பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து அந்தச் சுவருக்குப் பக்கத்தில் பிடித்தேன். வெள்ளை லேசாகச் சிவந்தது. "பாரு" என்றேன்.

"வெள்ளையாத்தான இருக்கு."

"ரோஸ் விழுகுது பாரு, மடிப்புல."

"எனக்கு ஒண்ணும் தெரியல."

"உனக்குத் தெரியாதுண்ணே. எனக்குத் தெரியும். அது தெரியறதாலதான் எனக்கு வேலை குடுக்கறாங்க. ஒரு சுவரு ரோஸா இருந்தாலும் ரூமு முழுக்க ரோஸுதான்."

"அண்ணனுக்காக ஒரு சுவரு விட மாட்டியா நீ?"

இந்தக் கேள்விக்கு நான் என்ன செய்ய? வகுப்பு வாசலில் வெயிலில் நின்ற ஆள் கேட்கிறார்.  ஆனால் வாயைத் திறந்து சரி என்று சொல்லிவிட்டால், இனி சாகிற வரைக்கும் ஒவ்வொரு துணியையும் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடுகிறவளாகத்தான் இருப்பேன். சொந்த வீட்டிலும் அதே ஓட்டமா? மூலையில் மிச்சக் கிரே வாளி இருந்தது. மூடியைத் திறந்தேன். ரோலரை முக்கினேன். அண்ணன் காட்டிய அதே சுவரில், காய்ந்தும் காயாமலும் இருந்த ரோஸ் மேல், கை எட்டுகிற உயரத்திலிருந்து கீழே வரைக்கும் ஒரே இழுப்பு இழுத்தேன்.

"பொறந்த வீட்டுச் சீரையா அழிக்கிற?" என்றார் அண்ணன். குரல் உடைந்திருந்தது.

"உன் சீரு மூணு ரூம்ல இருக்குண்ணே. அடுப்பங்கரையில இருக்கு. இது நான் சோறு சம்பாதிக்கிற இடம். இதுல உனக்கும் பங்கில்ல, என் வீட்டுக்காரருக்கும் பங்கில்ல."

"அப்ப ஞாயித்துக்கிழமை நானும் இல்ல. என் மேளமும் இல்ல." வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு போய்விட்டார். வண்டி தெருமுனை திரும்பும் சத்தம் கேட்கிற வரைக்கும் ரோலரை வைத்துக்கொண்டே நின்றேன்.

வெள்ளிக்கிழமை நானே அடித்தேன். மலையாண்டி அண்ணனுக்கு வேறு இடத்தில் வேலை. ஈரத்தின் மேல் நான் இழுத்த இழுப்பு திட்டுத் திட்டாகக் காய்ந்து கிடந்தது. அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு, நாலு சுவருக்கும் இரண்டு கை. அருள்பாண்டி பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு வந்து வாசலில் நின்றார்.

"செல்வி, மச்சானுக்கு ஒரு போனு போடலாம்ல. ஒரு சுவருதான கேக்குறாரு. ரெண்டு மாசம் கழிச்சு நாம மாத்திக்கிட்டா அவருக்கு என்ன தெரியப் போகுது?"

"ஏமாத்தச் சொல்றீங்களா மாமா? எங்கண்ணனையா? முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்லுவேன். முதுகுக்குப் பின்னாடி மாத்த மாட்டேன்."

 அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சின்ன பிரஷை எடுத்துச் சன்னல் ஓரங்களை அடிக்க ஆரம்பித்தார். அதற்கு மேல் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் ஒன்பதேகாலிலிருந்து பத்தேகால் வரைக்கும். ஒன்பதுக்கே ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். வருகிறவர்கள் எல்லாம் முன் ரூமைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். "பெயிண்ட்டு வேலை இன்னும் முடியலையாத்தா?" என்று ஏழு பேர் கேட்டார்கள். ஏழு பேரிடமும் "முடிஞ்சிருச்சு" என்றேன். எட்டாவதாக ஒரு பெரியம்மா, "பரவாயில்ல விடு, கையில காசு வரும்போது அடிச்சுக்க" என்று என் தோளைத் தட்டிக் கொடுத்தது. வந்த கோபத்துக்குப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஒன்பதரை. தெருமுனையில் மேளச் சத்தம் இல்லை. ஒன்பதேமுக்கால். பந்தலுக்குள் குசுகுசுவென்று பேச்சு ஆரம்பித்தது. பிறந்த வீட்டுச் சீர் வராமல் எப்படி அடுப்பைப் பற்றவைப்பது என்று ஆளாளுக்கு அருள்பாண்டியைப் பிடித்துக்கொண்டார்கள். பத்து மணிக்கு என் போன் அடித்தது. அண்ணன்.

"தாமரை." பின்னால் வேன் இஞ்சின் ஓடுகிற சத்தம் கேட்டது. "எல்லாம் ஏத்தியாச்சு. வில்லாபுரம் வளைவுலதான் நிக்கிறோம். மேளக்காரங்க வண்டியில உக்காந்துருக்காங்க. ஒரு வார்த்தை சொல்லு. அந்த ஒரு சுவத்தை ரோஸ் அடிக்கிறேன்னு வாயால சொல்லு, நாளைக்குக் கூட அடி, அடுத்த மாசம் கூட அடி. நாலு நிமிசத்துல வாசல்ல நிப்பேன்."

வளைவில் நிற்கிறார். நாலு நிமிசத் தூரத்தில் நின்றுகொண்டு பேரம் பேசுகிறார் என் அண்ணன். பந்தலில் இருந்த அத்தனை பேரும் என் வாயையே பார்த்தார்கள். அடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு அடிக்காமல் விட எம்புட்டு நேரம் ஆகும்? ஆனால் அவரிடம் நான் பொய் சொன்னதே இல்லை.

"முடியாதுண்ணே" என்றேன். "நீ வந்தா எனக்கு உசுரு வந்த மாதிரி. வராட்டி அழுவேன். ரெண்டுல எது நடந்தாலும் சுவரு கிரேதான்."

போன் கட்டானது. அழுதுகொண்டேதான் அடுப்பங்கரைக்குப் போனேன். முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். "ஏத்தா, இன்னும் கொஞ்சம் பொறு" என்று ஒரு குரல் வந்தது. பொறுக்கவில்லை. பத்து பதிமூன்றுக்குப் பால் பொங்கியது. குலவையைத் தொடங்க வேண்டிய பிறந்த வீட்டுப் பெண்கள் இல்லாமல் எல்லோரும் திகைத்து நின்றார்கள். நானே போட்டேன். பாதியில் நின்றது, மிச்சத்தைப் பழைய வீட்டு எதிர்வீட்டுக்காரி போட்டு முடித்தாள்.

பத்தரைக்கு மேளம் கேட்டது.

ஓடினேன். ஆரத்தித் தட்டு கூட எடுக்கவில்லை. முன்னால் மதினி பழத் தாம்பாளத்தோடு, பின்னால் சொந்தக்காரப் பெண்கள், கடைசியில் அண்ணன் அண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டு. முகம் கடுகடுவென்று இருந்தது. வாசல் வரைக்கும் வந்தார்கள். மதினியும் மற்றவர்களும் உள்ளே போனார்கள். அண்ணன் அண்டாவை வாசற்படியில் இறக்கி வைத்துவிட்டு, பந்தலில் ஒரு நாற்காலியை இழுத்து, வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"உள்ள வாண்ணே."

"நான் அதுக்குள்ள வர மாட்டேன். சீரு குடுக்கணும், குடுத்தாச்சு. பொறந்த வீடு வரலைன்னு எவனும் சொல்லக் கூடாது, அம்புட்டுத்தான்."

"சரி. இலையை இங்கேயே போடச் சொல்றேன்."

"சொல்லு."

இலையை அவருக்கு முன்னால் நானே போட்டேன். நானே பரிமாறினேன். அவர் சுவரைத் திரும்பிப் பார்க்கவில்லை, நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. சாம்பாருக்கு உப்புக் குறைச்சல் என்றார். கொண்டுவந்து வைத்தேன். பாயசம் இரண்டாவது தரம் வாங்கிக்கொண்டார்.

அண்ணன் கொடுத்த பட்டை உடனே கட்டிக்கொள்ள வேண்டும், அதுதான் முறை. மதினி தாம்பாளத்திலிருந்து எடுத்துக் கொடுத்தது. "அரக்கு. உங்கண்ணன் மதியம் பூரா கடையில உக்காந்து எடுத்துச்சு" என்றது. நான் அதை முன் ரூமுக்குள் கொண்டுபோய் விரித்தேன். விரித்ததும் எனக்குள் இருந்த தொழில்காரி முழித்துக்கொண்டாள். சேலையைச் சன்னல் பக்கம் தள்ளிப் பிடித்தேன். திருப்பிப் பிடித்தேன்.

"அண்ணே!" என்று உள்ளேயிருந்து கத்தினேன். "இது என்ன கலருன்னு கடையில சொன்னாங்க?"

"அரக்கு. ஏன்?"

"அரக்கு இல்ல இது. குறுக்கால போற ஊடு இழையில கத்தரிப்பூ கலரு ஓடுது. திருப்புனா தெரியுது. இம்புட்டு அழகான கலரை நான் பாத்ததே இல்லண்ணே. கடைக்காரனுக்கே தெரியாமத்தான் வித்திருக்கான்."

"கத்தரிப்பூவா? போடி. நான் வெளிச்சத்துல வச்சுத்தான் பாத்தேன்."

"கடை வெளிச்சத்துல பாத்திருப்ப. இங்க வந்து பாரு."

"நான் உள்ள வர மாட்டேன்னு சொன்னேன்ல."

"வராத. யாரு உன்னை வரச் சொன்னா? எனக்குத் தெரியுது, நான் பாத்துக்கிறேன்."

 நாற்காலி நகர்ந்தது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு என் அண்ணன் எட்டிப் பார்த்தார். இரண்டு காலும் வெளியில்தான் இருந்தன, கழுத்து மட்டும் உள்ளே நீண்டிருந்தது. நான் சேலையைச் சாம்பல் சுவருக்கு முன்னால் உயர்த்திப் பிடித்து மெதுவாகத் திருப்பினேன். அவர் கண்ணைச் சுருக்கினார். புருவம் மேலே போனது. 

"தெரியுதா?" என்றேன்.

"இன்னொரு தடவை திருப்பு" என்றார்.

"தெரியுதா இல்லையா, அதைச் சொல்லு. எனக்குச் சேலை கட்டணும், வேலை கிடக்கு."